ஆப்பிள் தோட்டம் முதல் பூசணி விளக்கு வரை: குடும்பத்தோடு ஹாலோவீன் பருவத்தைக் கொண்டாட ஒரு முழு வழிகாட்டி

செப்டம்பரில் பள்ளி திறந்த கையோடு இங்கே கடைகளில் எலும்புக்கூடு தொங்க ஆரம்பித்துவிடும். டொராண்டோ பக்கம் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு ஹாலோவீன் என்றால் அக்டோபர் 31 மாலை பிள்ளைக்கு ஒரு வேடத்தை மாட்டி நாலு வீடு கூட்டிப்போய் மிட்டாய் வாங்கி வருவது, அவ்வளவுதான். பல தலைமுறையாக இங்கே இருப்பவர்களுக்கோ அது ஆறு வாரம் நீளும் பருவம். ஆப்பிளுக்கு ஒரு வாரம், இலைக்கு ஒரு வாரம், பூசணிக்கு ஒரு வாரம். தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

அதனால் இதைத் தேதி வரிசையில் எழுதியிருக்கிறேன். தென் ஒன்டாரியோவை மனதில் வைத்து எழுதியது. நியூயார்க், நியூஜெர்சி, பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் ஒன்றிரண்டு வாரம் முன்பின் தள்ளிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய வேண்டாம். இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். கடையில் வாங்கிவந்து மாட்டுகிற சமாச்சாரங்களைக் குறைத்து, கை அழுக்காகிற வேலைகளைக் கூட்டுங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில், வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு விளக்கம்

"பேய்க்கு எதுக்குப்பா விழா?" ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி இதைக் கேட்காமல் இருக்கமாட்டார். சுருக்கமான பதில் இது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளுக்கு சவின் என்று பெயர். அன்றிரவு இறந்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவே இருக்கும் கதவு திறந்திருக்கும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. பிற்காலத்தில் திருச்சபை நவம்பர் 1-ஐ அனைத்துப் புனிதர் திருநாளாகவும், நவம்பர் 2-ஐ இறந்தோர் நினைவு நாளாகவும் வைத்தது. நம் ஊரில் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அந்த நாள்தான். புனிதர் திருநாளுக்கு முந்தைய இரவு ஹாலோவீன்.

அயர்லாந்தில் முதலில் முகம் செதுக்கியது டர்னிப் கிழங்கில். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் கப்பலேறி அமெரிக்கா வந்தவர்களுக்கு, கிழங்கைவிடப் பெரிதாகவும் குடைய எளிதாகவும் இங்கே கிடைத்தது பூசணி. நம்மூரில் பரங்கிக்காய் என்கிறோமே, அந்த இனம். அப்புறம் பாட்டிக்கு, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு வாசலில் கோரப்பல்லும் முறுக்கு மீசையுமாய்த் தொங்கும் திருஷ்டிப் பூசணியை நினைவுபடுத்துங்கள். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

செப்டம்பர் நடு முதல் அக்டோபர் முதல் வாரம் வரை: ஆப்பிள்

மில்டன், கலிடன் பக்கம் நாமே போய்ப் பறிக்கும் ஆப்பிள் தோட்டங்கள் நிறைய உண்டு. சனிக்கிழமை மதியம் போனால் ஆப்பிளைவிட கார்தான் அதிகம் தெரியும். ஞாயிறு காலை திறக்கிற நேரத்துக்குப் போங்கள். கிளம்பும் முன் தோட்டத்தின் இணையதளத்தில் அன்று எந்த ரகம் பறிக்கக் கிடைக்கும் என்று பாருங்கள். மெக்கின்டோஷ் முதலில் வரும், கொஞ்சம் தள்ளி ஹனிகிரிஸ்ப் வரும். பிள்ளைகள் கடித்துத் தின்ன ஹனிகிரிஸ்ப்தான் சரி, ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மெக்கின்டோஷ் பிறந்ததே ஒன்டாரியோவில்தான். 1811-ல் ஜான் மெக்கின்டோஷ் என்ற விவசாயி டண்டெலா என்ற ஊரில் காட்டைத் திருத்தும்போது கண்ட கன்றுகளிலிருந்து வந்த ரகம் அது. பின்னாளில் ஆப்பிள் நிறுவனம் தன் மேக்கின்டாஷ் கணினிக்கு வைத்தது இந்தப் பழத்தின் பெயரைத்தான். தோட்டத்தில் நின்று இதைச் சொன்னால் டீனேஜ் பிள்ளைகூடக் கைபேசியிலிருந்து தலை நிமிரும்.

பறிக்கும் முறையைப் பிள்ளைகளுக்கு முதல் மரத்திலேயே காட்டிவிடுங்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, லேசாகத் திருகினால் காம்போடு வந்துவிடும். கீழே இழுத்தால் அடுத்த வருடத்துக்கான மொட்டும் சேர்ந்து ஒடியும், பக்கத்துப் பழங்களும் கொட்டும். பையில் எறியாமல் வைக்க வேண்டும். அடிபட்ட ஒன்று மற்றதையும் கெடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியில், காய்கறிகளிலிருந்து தள்ளி வையுங்கள். ஆப்பிள் விடுகிற எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். புளிப்பான ஆப்பிள் மிஞ்சினால் பொடியாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம் போட்டு நல்லெண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டுங்கள். மாங்காய் ஊறுகாய்க்கு ஏங்கும் புலம்பெயர்ந்த வீடுகளில் பல காலமாக ஓடும் வைத்தியம் இது.

இலை பார்க்கப் போவது

குளிர் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை அதற்கடியில் மறைந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. சிவப்பு மட்டும் அப்படியல்ல. அது மேப்பிள் போன்ற மரங்கள் அந்த நேரத்தில் புதிதாக உண்டாக்கும் நிறமி. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்து அமைந்த வருடங்களில் சிவப்பு தூக்கலாக இருக்கும்.

அல்கோன்குவின் பூங்காவில் சுகர் மேப்பிள் மரங்கள் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் உச்சத்துக்கு வரும். டொராண்டோவிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களின் இணையதளத்தில் எந்தப் பூங்காவில் எத்தனை சதவீதம் நிறம் மாறியிருக்கிறது என்று இந்தப் பருவத்தில் போடுவார்கள். அதைப் பார்த்து, வாகன அனுமதியையும் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். பதிவில்லாமல் வார இறுதியில் போய் வாசலோடு திரும்பியவர்கள் ஏராளம்.

கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் அவ்வளவு தூரம் வேண்டாம். ஸ்கார்பரோ, மார்க்கம் ஓரமாகவே ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. நகரத்துக்குள் நிறம் உச்சத்துக்கு வர அக்டோபர் நடுவாகிவிடும். அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை கனடாவின் நன்றி நவிலும் நாள், நீண்ட வார இறுதி, அதை ஒட்டிப் போகலாம். பிள்ளைகள் பொறுக்கிவரும் இலைகளைக் கனமான புத்தகத்துக்குள் வைத்து ஒரு வாரம் அழுத்தினால் கொலு முடிந்து காலியான படியில் அழகாக ஒட்டலாம்.

வேடம்: செப்டம்பர் முடிவதற்குள் பேசி முடியுங்கள்

அக்டோபர் நடுவில் வேடம் தேடினால் கடையில் மிச்சம் இருப்பது தவறான அளவும் நெளிந்த தொப்பியும்தான். வேல்யூ வில்லேஜ் மாதிரியான பழைய உடைக் கடைகளில் செப்டம்பரிலேயே தேட ஆரம்பியுங்கள். வீட்டிலேயே செய்வதற்கு நம்மிடம் சரக்கு உண்டு. கருப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, மை மீசை போட்டால் பாரதியார். நரைத்த கொண்டையும் கோலும் இருந்தால் ஔவையார். என்ன, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யார் வேடம் என்று பிள்ளை விளக்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு வாக்கியம் பழக்கிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது நாலு விஷயம். அக்டோபர் கடைசியில் மாலைக் குளிர் பல வருடங்களில் 5 டிகிரி செல்சியஸ் பக்கம் போய்விடும், எனவே உள்ளே ஜாக்கெட் போட இடம் விட்டு ஒரு அளவு பெரிதாக எடுங்கள். முகமூடி கண்ணை மறைக்கும், முகச்சாயம் மேல். அதையும் முதல்நாளே கையில் தடவி அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். கருப்பு உடையென்றால் முதுகிலும் பையிலும் ஒளி பட்டால் மின்னும் ஒட்டுப்பட்டி ஒட்டுங்கள். கடைசியாக, வேறொரு இனத்தாரின் தோல் நிறத்தையோ வழிபாட்டு உடையையோ வேடமாக்க வேண்டாம். இங்கே அது பெரிய அவமதிப்பு.

பள்ளியின் விதி தனி. கத்தி, துப்பாக்கி, ரத்தம், முகமூடி எதுவும் கூடாது என்பார்கள். சில பள்ளிகளில் வேடமே கிடையாது, ஆரஞ்சும் கருப்பும் உடுத்தி வந்தால் போதும். வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

அக்டோபர் 28, 29: பூசணி செதுக்குதல்

இந்தப் பருவத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தேர்வு: காம்பு பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அடி தட்டையாக இருக்க வேண்டும். சுற்றிலும் விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று எங்கேயாவது அமுங்கினால் அது வேண்டாம். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், காம்பு ஒடிந்தால் அங்கிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும். முழுப் பூசணி வாரக்கணக்கில் தாங்கும். செதுக்கியது மூன்று முதல் ஐந்து நாள்தான், அதனால்தான் 28, 29 என்கிறேன்.

திறப்பு: எல்லோரும் மேலே மூடி வெட்டுவார்கள். மூடி இரண்டே நாளில் சுருங்கி உள்ளே விழும். மின்கல விளக்கு வைப்பதாக இருந்தால் பின்பக்கத்திலோ அடியிலோ வட்டமாக வெட்டுங்கள். மூடிதான் வேண்டும் என்றால் கத்தியை நடு நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள், அப்போது மூடி உட்காரும்.

குடைதல்: இது பிள்ளைகளின் வேலை, விட்டுக்கொடுங்கள். தரையில் பழைய செய்தித்தாள், பக்கத்தில் ஒரு பெரிய பாத்திரம். நாரும் விதையுமாய் வழவழவென்று வருவதைத் தொடமாட்டேன் என்று ஓடும் பிள்ளையும் பத்து நிமிடத்தில் முழங்கைவரை உள்ளே விட்டிருக்கும். கனமான கரண்டியால் சுரண்டலாம். கைப்பிடி வைத்த தேங்காய்த் துருவி வீட்டில் இருந்தால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. முகம் வரப்போகும் பக்கத்தை மட்டும் ஓர் அங்குல கனம் வரும்வரை சுரண்டுங்கள். அதற்குமேல் கனமாக இருந்தால் வெட்டவும் சிரமம், வெளிச்சமும் மங்கல்.

வரைதல், வெட்டுதல்: படத்தைக் காகிதத்தில் வரைந்து பூசணியில் ஒட்டி, கோடு நெடுகத் தடித்த ஊசியால் குத்துங்கள். காகிதத்தை எடுத்துவிட்டு மாவைத் தடவினால் புள்ளிகள் பளிச்சென்று தெரியும், புள்ளிக் கோலம் போட்டுப் பழகியவருக்கு இணைப்பது சுலபம். வெட்டுவதற்குச் சமையல் கத்தி ஆகாது, அது வழுக்கும். டாலர் கடையில் கிடைக்கும் சின்ன அரம்பக் கத்தியால் அறுங்கள், அதுவும் பெரியவர்கள் மட்டும். கண், மூக்கு போன்ற சின்ன வெட்டுகள் முதலில், வாய் கடைசியில். வாயை முதலில் வெட்டினால் சுவர் பலமிழந்து, கண்ணை அறுக்கும்போது மொத்தமாக உடையும். வெட்டிய துண்டை வெளியிலிருந்து பிய்த்து இழுத்தால் செதுக்கிய பல் ஒடியும், உள்ளே கைவிட்டு மெதுவாக வெளியே தள்ளுங்கள்.

காப்பு: வெட்டிய ஓரங்களில் வாஸலைன் தடவினால் காய்ந்து சுருங்குவது தள்ளிப்போகும். அதோடு மிளகாய்த்தூளையும் குழைத்துத் தடவுங்கள். டொராண்டோ அணில்களுக்குப் பூசணி என்றால் உயிர், ஒரே காலையில் மூக்கைத் தின்று முடித்துவிடும். காரம் பாலூட்டிகளுக்குத்தான் உறைக்கும், பறவைகளுக்கு உறைக்காது. மழை பெய்தால் மறுபடி தடவ வேண்டும், அவ்வளவுதான். உள்ளே நிஜ மெழுகுவர்த்தி வேண்டாம். நீளமான வேடத்தோடு வாசலில் குனியும் பிள்ளைகள் நிறைய.

விதை: எடுத்துவைத்த நாரைத் தண்ணீரில் போட்டுப் பிசையுங்கள், விதை மிதக்கும். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் நன்றாக உலர்த்தி, எண்ணெய் பிரட்டி, 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் இருபது நிமிடம் வையுங்கள். நடுவில் ஒருமுறை கிளறுங்கள். இறக்கியதும் மிளகாய்த்தூள், பெருங்காயம், நெய்யில் பொரித்த கறிவேப்பிலை. விளக்கு தயாராகும் முன்பே தட்டு காலியாகிவிடும்.

செதுக்கும் பூசணியின் சதையைச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள், நாரும் தண்ணீரும்தான். கூட்டுக்கும் புளிக்குழம்புக்கும் பக்கத்திலேயே சின்னதாக அடுக்கியிருக்கும் பை பம்கின் என்ற சமையல் பூசணியை வாங்குங்கள். பம்கின் ஸ்பைஸ் என்று காப்பிக்கடையில் மணக்கிறதே, அந்தப் பொடியில் பூசணி இல்லை. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு. எல்லாம் வீட்டில் இருக்கிறது.

30ஆம் தேதி இரவு: கதை

விளக்கை அணைத்துவிட்டுப் பூசணி வெளிச்சத்தில் உட்காருங்கள். முதலில் அயர்லாந்துக் கதை: சாத்தானையே ஏமாற்றிய ஜாக் என்ற கஞ்சன். செத்தபின் சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை. டர்னிப்பைக் குடைந்து அதற்குள் ஒரு தணலை வைத்துக்கொண்டு இருட்டில் அலைகிறான். அப்புறம் நம்மூர் கொள்ளிவாய்ப் பிசாசு: சதுப்பு நிலத்தில் நள்ளிரவில் வாயில் நெருப்போடு அலைவது. இரண்டும் ஒன்றுபோல இருப்பது தற்செயல் இல்லை. சதுப்பில் அழுகும் பொருள்களிலிருந்து கிளம்பும் வாயு சில சமயம் மங்கலாக ஒளிர்வதைத்தான் இரண்டு ஊர்க்காரர்களும் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். தாத்தாவைக் காணொளி அழைப்பில் பிடித்து அவர் ஊர்ப் புளியமரத்து முனி கதையையும் சொல்லச் சொல்லுங்கள். ஊரில் அப்போது காலையாக இருக்கும். பேய்க்கதை சொல்லும் ஆளுக்குப் பின்னால் பளீரென்று வெயில் அடிக்கும், பரவாயில்லை.

31 மாலை

டொராண்டோவில் அன்று சூரியன் மறைவது ஆறேகால் மணிக்குச் சற்று முன்பு. சின்னப் பிள்ளைகளோடு ஐந்தரைக்கே கிளம்பி ஏழுக்குள் திரும்பிவிடலாம். பெரிய பிள்ளைகள் எட்டரை வரை சுற்றுவார்கள்.

வாசல் விளக்கு எரியும் வீட்டுக்கு மட்டும் போக வேண்டும். எரியவில்லை என்றால் அவர்கள் கொண்டாடவில்லை, தட்டக்கூடாது. கதவு திறந்ததும் ட்ரிக் ஆர் ட்ரீட், வாங்கியதும் தேங்க்யூ. கூடையை நீட்டினால் ஒன்றே ஒன்று. ஸ்காட்லாந்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு, பாட்டோ ஜோக்கோ சொன்னால்தான் மிட்டாய். நம் பிள்ளைகளையும் பழக்கலாம். ஆத்திசூடியில் இரண்டு வரி சொன்னால் பக்கத்து வீட்டு மூதாட்டி மறக்கமாட்டார். நியூ பிரன்ஸ்விக்கிலுள்ள பாதர்ஸ்ட் நகரத்தில் 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் வேடமிட்டு வீடுவீடாகப் போகக்கூடாது என்று விதியே போட்டிருந்தார்கள். மற்ற இடங்களில் வேடம் போட்டு மரியாதையாக வந்த பதினேழு வயதுப் பையனுக்கும் கொடுங்கள். வேறெங்கோ சுற்றுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மிட்டாயில் விஷம், ஊசி என்று வாட்ஸப்பில் வருடந்தோறும் வரும். உண்மையான ஆபத்து வண்டிதான். அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கை ஆராய்ந்தபோது, ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வாகனம் மோதி இறக்கும் வாய்ப்பு, ஒரு வாரம் முன்னும் பின்னுமுள்ள மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தெருவின் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு, முனையில் கடந்து மறுபக்கம் வாருங்கள். குறுக்கும் நெடுக்கும் ஓடக்கூடாது.

வீட்டில் ஒருவர் இருந்து கொடுக்கவும் வேண்டும். வாங்கப் போவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். தாத்தா பாட்டியைக் கம்பளிச் சால்வையோடு வாசல் நாற்காலியில் உட்கார வையுங்கள். தெரு முழுக்க வந்து அறிமுகமாகும் ஒரே நாள் இது. எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் முன்பே கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ஆசையாகச் சுட்ட முறுக்கைக் கொடுக்காதீர்கள். உறையிடாத, வீட்டில் செய்த எதையும் இங்கே பெற்றோர் தூக்கிப்போட்டுவிடுவார்கள். வேர்க்கடலை இல்லை என்ற குறி போட்ட பெட்டி நல்லது. நீலப்பச்சை நிறப் பூசணி வைத்த வாசலைப் பார்த்தால், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே பென்சில், ஸ்டிக்கர் போன்றவை கிடைக்கும் என்று பொருள். 2014-ல் அமெரிக்கா முழுக்கப் பரவத் தொடங்கிய வழக்கம் இது, நீங்களும் வைக்கலாம்.

மிட்டாய்ப் பங்கீடு

வீடு திரும்பியதும் பையைத் தரையில் கொட்டுங்கள். உறை கிழிந்தவை குப்பைக்கு. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் கெட்டி மிட்டாய் தனியே, தொண்டையில் சிக்கும். சைவ வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் கவனிக்க வேண்டியது ஜெலட்டின். மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது அது. கரடி வடிவ கம்மி, மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன் இவற்றில் பெரும்பாலும் இருக்கும். பெக்டின் என்று போட்டிருந்தால் அது பழத்திலிருந்து வருவது, பயமில்லை. உறையைப் படிக்கும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள், நம்மைவிடக் கறாராகச் செய்வார்கள்.

அப்புறம் பண்டமாற்று நடக்கும். ஒரு காபி கிரிஸ்ப்புக்கு மூன்று ராக்கெட்ஸ் என்று விலை அவர்களே பேசி முடிப்பார்கள். அதில் தலையிடாதீர்கள். உங்கள் பங்கை வரி என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 1

டொராண்டோவில் சோராரன் (Sorauren) பூங்கா உள்பட பல பூங்காக்களில் வழக்கமாக நவம்பர் 1 மாலை பூசணி அணிவகுப்பு நடக்கும். அவரவர் செதுக்கிய பூசணியை எடுத்துவந்து வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். மறுநாள் மாநகராட்சி அள்ளிக்கொண்டு போய் உரமாக்கிவிடும். மின்கல விளக்கை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி நவம்பரில் வரும் வருடமென்றால் வாசலில் கட்டிய ஆரஞ்சு விளக்குச் சரத்தைக் கழற்ற வேண்டாம், சிலந்தியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். 2024-ல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31-ல் வந்தன. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் வேடம். நவம்பர் 1 காலையில் கடைக்குப் போய்விடுங்கள். மிட்டாயும் வேடமும் பாதி விலைக்கு வந்திருக்கும். அடுத்த வருடத்துக்கு ஒரு அளவு பெரிதாக எடுத்து வையுங்கள்.